சோளமும் பெல்லாக்ரா நோயும்

தக்காணப் பீடபூமியின் மானாவாரி நிலங்களில் உழைக்கும் ஏழை மக்களுக்கு நெடுங்காலம் சோளமே தலையாய உணவாக இருந்து வந்தது. பெரும்பாலும் சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்தோரிடையே பெல்லாக்ரா என்னும் நோய் காணப்பட்டது. வெயில் படும் கழுத்திலும் கை கால்களிலும் தோல் கறுத்துத் தடித்து உரிதல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகளாகும். சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே ஆபத்து நேரும்.

நியாசின் என்னும் வைட்டமின் குறைவினால் இந்நோய் உண்டாகிறது. உணவிலுள்ள நியாசினைத் தவிர, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் உடல் இதனைத் தயாரித்துக்கொள்கிறது. ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோஃபேன் 1 மில்லிகிராம் நியாசினுக்கு ஈடாகும்.

விடை தேடிய வினா

மக்காச்சோளத்தில் டிரிப்டோஃபேன் குறைவு; அதிலுள்ள நியாசினும் உடல் எளிதில் ஏற்க இயலாதவாறு பிணைந்துள்ளது. எனவே, அதையே நம்பி வாழ்வோருக்கு இந்நோய் வருவதில் வியப்பில்லை. ஆனால், சோளத்தில் டிரிப்டோஃபேன் அவ்வளவு குறைவாக இல்லை. பின் நோய் வருவானேன்?

ஐதராபாத் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தின் விஞ்ஞானிகள் டாக்டர் சி. கோபாலனும் டாக்டர் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். இரு தானியங்களிலும் லியூசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். லியூசின் மிகுந்தால், டிரிப்டோஃபேன் நியாசினாக மாறும் பாதை தடைப்படுகிறது என்பதே அவர்கள் கருத்து. லியூசின் மிகுந்த உணவை உண்ட நாய்களுக்குப் பெல்லாக்ராவை ஒத்த ‘கருநாக்கு’ நோய் கண்டது. ஐசோலியூசின் சேர்த்துக் கொடுத்தபோது லியூசினின் தீங்கு தணிந்தது. ஆகவே, ஒரு சத்தின் குறைவு மட்டுமன்றி, சத்துகளிடையே சமநிலை குலைவதும் நோய்க்கு வழி வகுக்கலாம் என்பது புலனாயிற்று.

பிற ஆய்வுக்கூடங்களில் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வைட்டமின் பி-6 குறைவுக்கும் இதில் பங்குண்டு என்று பின்னர் ஆராயப்பட்டது.

நாம் பெறும் படிப்பினை

சோள ரகங்கள் யாவற்றிலும் லியூசின் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே, புதிய ரகங்களை உருவாக்குவோர் விளைச்சலோடு அமினோ அமிலச் சமநிலையையும் கருத்தில் கொள்ளுதல் நலம்.

சோளத்தை ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. வறட்சியைத் தாங்கி விளையும் அத்தானியம் நாட்டுக்குப் பெரும் துணை. அதனுடன் பருப்பு, நிலக்கடலை, பால், கீரை ஆகியனவும் சேர்ந்தால் உணவு நிறைவு பெறும். பெல்லாக்ரா தானியத்தின் குற்றமன்று. வேறெதையும் வாங்க இயலாத வறுமையின் விளைவேயாகும்.