கல்லோடு வந்த விருந்தாளிகள்

கடல்நீர்த் தொட்டியில் உயிர்களை வளர்ப்பது, நன்னீர்த் தொட்டியில் மீன் வளர்ப்பது போல் எளிதன்று. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இப்பாக்டீரியாக்கள் குடியிருக்க நுண்துளைகள் நிறைந்த கல்லைவிடச் சிறந்த இடம் வேறில்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த கற்களைக் கொண்டே தொட்டி நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். அத்தகைய கல்லே இன்று 'உயிர்ப்பாறை' எனப்படுகிறது. கல்லுக்கு உயிரில்லை, அதன் மேலும் உள்ளும் வாழ்பவற்றுக்கே உயிருண்டு.

ஆனால் பாக்டீரியாக்கள் மட்டும் தனியே வருவதில்லை. கல்லின் பொந்துகளில் புழுக்களும் நண்டுகளும் நத்தைகளும் கூடவே வந்து சேர்கின்றன. இவற்றுள் நன்மை செய்வன எவை, தீமை செய்வன எவை என்று அறிவது எங்ஙனம்? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

எந்தக் கல்?

நம் நாட்டில் பவளப்பாறையைத் தொட்டிக்கென எடுத்து வருவது குற்றமாகும். பாறை கட்டும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இது வெறும் சட்டப் பேச்சன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. பவளத்தை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஆகவே எங்கள் துறைத் தொட்டியில் இருப்பது பவளக்கல் அன்று. வலைக்கு எடையாகக் கட்டப்பட்டு ஓராண்டுக்கு மேல் கடலில் கிடந்த ஒரு சிமென்ட் கட்டி. மீனவர் ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கினோம். மூன்று மாதம் அதனை நான் கவனித்துக் குறிப்பெடுத்தேன். துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள், வளைத்தசைப்புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள் என ஏழு தொகுதிகளின் உயிர்கள் அந்த ஒரே கட்டியில் இருந்தன. நாம் ஓராண்டு படிக்கும் பாடம் ஒரு முழ நீளக் கட்டியில் அடங்கியிருந்தது!

காணும் முறை

இவ்வுயிர்களிற் பெரும்பாலானவை இருளில் நடமாடுபவை. டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டால், அவ்வொளியில் அவை அவ்வளவாக அஞ்சி ஓடுவதில்லை. கை உருப்பெருக்கி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். பெயர் தேடுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். உடல் கண்டங்களாகப் பிரிந்துள்ளதா? கால்கள் உண்டா, எத்தனை? ஓடு உண்டா? ஆரச்சமச்சீரா, இருபக்கச் சமச்சீரா? இவற்றுக்கு விடை கிடைத்தால் தொகுதி தெரிந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே.

ஒன்றுபோல் தோன்றும் வேறுபட்டவை

கல்லில் ஒட்டிய வெண்ணிறச் சுண்ணாம்புக் குழாய்கள் இரு வகை. வாயில் சாமரம் போன்ற மகுடம் விரிந்து, நிழல் பட்டதும் சட்டென உள்ளே மறைந்தால் அது வளைத்தசைப்புழு. நீரை வடிகட்டி உண்ணும் சாதுவான உயிர். மகுடம் இன்றிச் சிலந்திநூல் போன்ற சளி இழை மிதந்தால் அது வெர்மெட்டிட் என்னும் நத்தை. அவ்விழைகள் அருகிலுள்ள பவளங்களுக்குத் தொல்லை தரும். பொட்டுப் போலச் சுருண்ட சிறு வெண்குழாய்களை நத்தை என்றே பலர் எண்ணுவர். அவற்றின் உள்ளே இருப்பதும் புழுதான்.

'டக்' என்ற ஓசை கேட்டால் இருவர்மீது ஐயம் எழும். ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருப்பது சொடுக்கு இறால். அதனால் பெருந்தீங்கு இல்லை. கும்பிடுபூச்சி போல் முன்கால்களை மடித்து, காம்புக் கண்களைச் சுழற்றுவது ஸ்டொமட்டோபாட். இவற்றுள் அடித்து நொறுக்கும் வகையும் உண்டு, குத்திப் பிடிக்கும் வகையும் உண்டு. இரண்டும் தொட்டிக்கு ஆகா.

கண்ணாடி போன்ற பழுப்பு உடலும் நீண்ட உணர்நீட்சிகளும் கொண்ட ஐப்டேசியா என்னும் கடல் அனிமோனைக் கத்தியால் சுரண்டக் கூடாது. அறுபட்ட அடித்துண்டு ஒவ்வொன்றும் புதிய அனிமோனாக வளரும். பொத்தான் போல் கூட்டமாய் வளரும் சோவாந்திட்களில் சில, பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உடையவை. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தோர், ஆவியைச் சுவாசித்து மருத்துவமனை சென்ற நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. எனவே எக்கல்லையும் வேகவைத்துத் தூய்மை செய்யலாகாது. கையுறை இன்றித் தொடவும் கூடாது.

குற்றவாளி யார்?

தொட்டியில் நாங்கள் விட்ட 11 சிறு நத்தைகளில் 4 இறந்து கிடந்தன. ஒரு கூட்டின் வாயில் முள்புழு ஒன்று நுழைந்து தின்றுகொண்டிருந்தது. அப்புழுவைக் கொல்ல வேண்டும் என்றனர் நண்பர்கள். கட்டி முழுவதையும் வெந்நீரில் முக்கலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்திருந்தால் ஏழு தொகுதிகளும் ஒரே நாளில் அழிந்திருக்கும்.

முதலில் கூடுகளைப் பார்ப்போம் என்றேன். துளைக்கும் நத்தை கொன்றிருந்தால் கூட்டில் வட்டமான ஓட்டை இருக்கும், இல்லை. ஸ்டொமட்டோபாட் அடித்திருந்தால் கூடு சில்லுகளாய்ச் சிதறியிருக்கும், அதுவும் இல்லை. நான்கு கூடுகளிலும் வாய் விளிம்பு மட்டும் படிப்படியாக உடைக்கப்பட்டிருந்தது. இது கொடுக்கால் செய்யும் வேலை. புழுவுக்குக் கொடுக்கு ஏது?

அன்று மாலை ஆய்வகம் இருண்டபின் சிவப்பொளியில் பார்த்தோம். ஒரு ரூபாய் நாணய அளவுள்ள, கருநிறக் கொடுக்கு நுனியுடைய நண்டு ஒன்று ஐந்தாம் நத்தையைப் பிடித்திருந்தது. கண்ணாடித் தம்ளரில் இறால் துண்டைப் போட்டுக் கட்டியின் மேல் சாய்த்து வைத்தோம். உள்ளே இறங்கிய நண்டால் வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியவில்லை. அதனைத் தனிச் சாடிக்கு மாற்றினோம். அடுத்த மூன்று வாரங்களில் ஒரு நத்தையும் சாகவில்லை. முள்புழு இன்றும் மிஞ்சிய உணவைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கிறது.

எனினும் கருநுனிக் கொடுக்குள்ள நண்டெல்லாம் தீயதென்று விதி செய்வதும் தவறு. முள்புழுக்கள் யாவும் நல்லவை என்பதும் அப்படியே. அட்லாண்டிக்கில் வாழும் ஹெர்மோடிஸ் என்னும் தீப்புழு உயிருள்ள பவளத்தையே மேயும். 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகர மீன் காட்சியகத்தில், பவளங்களைச் சிதைத்து வந்த நான்கடி நீளக் கடற்புழு ஒன்று பிடிபட்டது. அதற்காக வைத்த பொறியையே அது கடித்துப் போட்டதாம்! தலையில் ஐந்து உணர்கொம்புகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்த்தால் அந்த யூனிஸ் இனத்தைப் பிரித்தறியலாம்.

முடிவுரை

பிணத்தருகே நிற்பவன் எல்லாம் கொலைகாரன் அல்லன். உருவத்தால் தொகுதியை அறிக; செயலால் உயிரை அறிக; எச்சத்தால் குற்றத்தை அறிக. அதன் பின்னரே நீக்குவதா, வைப்பதா என்று முடிவு செய்க. நூலில் படிக்கும் வகைப்பாட்டியல் தேர்வுக்கு மட்டும் உரியதன்று; ஓர் உயிரைக் கொல்வதற்குமுன் நம் கையைத் தடுத்து நிறுத்தவும் அது உதவும். ஆய்வகத்தின் மூலையில் அத்தொட்டி இருக்கிறது. ஆர்வமுள்ள மாணவ நண்பர்கள் சிவப்பு விளக்கோடு வருக!