முதலில் கலப்பை, பிறகு டிராக்டர்

ஆயுத பூஜை நெருங்கினால் டிராக்டர் ஷோரூம்களில் கூட்டம் கூடிவிடும். எழுமலை, சேடபட்டி, சாப்டூர் பக்கத்திலிருந்து வரும் இளவட்டங்கள் பலர் எந்த வண்டி என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். மச்சான் ஐம்பது ஹெச்பி எடுத்திருக்கிறான், நாம் நாற்பதோடு போய் நின்றால் என்ன மரியாதை என்பது பையனின் கணக்கு. வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் பையனுக்குப் பொறுப்பு வந்துவிடும், பெண் கேட்கவும் வசதியாக இருக்கும் என்பது பெற்றோரின் கணக்கு. அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, காட்டின் பத்திரம் வங்கிக்குப் போகிறது. நம் காடு என்ன மண், என்ன வெள்ளாமை, அதற்கு என்ன கலப்பை வேண்டும் என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் ஒரு தடவைகூட எழுவதில்லை. இரண்டு வருடம் கழித்துத் தவணை கட்ட முடியாமல் அதே வண்டி பாதி விலைக்கு நிற்கும்போது பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. மஹிந்திரா, ஸ்வராஜ், ஜான் டீர், சோனாலிகா, குபோட்டா எல்லாமே உழைக்கிற வண்டிகள்தான். மாஸி பெர்குசன் தயாரிக்கும் டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. மதுரைக்கு வடக்கே கல்லடிப்பட்டியில் அதற்கு ஆலை இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் பலருக்குக் கைப்பழக்கமான வண்டி அது. எனக்கும் அதன்மேல் ஒரு பிடிப்பு உண்டு. ஆனால் நிறத்தைவிட முக்கியமானது, உதிரிப்பாகம் உசிலம்பட்டியில் அரை நாளில் கிடைக்குமா, கூப்பிட்டால் மெக்கானிக் காட்டுக்கே வருவாரா என்பது. இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் எதை எடுத்தாலும் குறையில்லை.

இனி மண்ணுக்கு வருவோம். மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிச் செவல், அதில் பாதி சரளை. கிழக்கே பேரையூர் நோக்கிப் போகப் போகக் கரிசல். மானாவாரியில் மக்காச்சோளம், பருத்தி, சோளம், குதிரைவாலி. கிணறு உள்ள இடத்தில் வெங்காயம், மல்லி, தென்னை. இந்த வேலைக்கு 35 முதல் 45 ஹெச்பி வரையுள்ள, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண வண்டி தாராளம். தென்னையும் மல்லியும் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு மரத்துக்கும் வரிசைக்கும் நடுவே நுழைகிற 25 ஹெச்பி சுற்றளவிலான மினி டிராக்டர் போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தேவைப்படுவது மேலூர், வாடிப்பட்டி மாதிரி பெரியாறு-வைகைத் தண்ணீர் பாய்ந்து சேற்றுழவு நடக்கும் இடத்தில். அங்கே கேஜ் வீல் மாட்டித் தொழியடிக்கும்போது அதன் அருமை தெரியும். எழுமலையின் காய்ந்த காட்டில், அதிலும் பாதி நாள் டிப்பர் இழுத்துத் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு, அந்தக் கூடுதல் காசு வீண்.

ஐம்பதைத் தாண்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம்-4 புகை விதி வந்துவிட்டது. அதற்கேற்ப மின்னணுக் கட்டுப்பாடும் சென்சாரும் உள்ள எஞ்சின்கள் வந்தன. விலையும் ஏறியது. வண்டி நடுக்காட்டில் நின்றுபோனால் ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து சரிசெய்ய முடியாது; கம்பெனி ஆள் லேப்டாப்போடு வரும்வரை காத்திருக்க வேண்டும். விதைப்புக்குப் பதம் நிற்பதே நாலைந்து நாள்தான். அதில் இரண்டு நாள் போனால் போனதுதான்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், ரொட்டவேட்டர்.

இன்று டிராக்டர் வாங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கூடவே ரொட்டவேட்டரும் வாங்குகிறார்கள் என்று தோன்றுகிறது. பலர் அதை மட்டுமே வாங்குகிறார்கள். ஆறடி ரொட்டவேட்டரை இழுக்கத்தான் ஐம்பது ஹெச்பி கேட்கிறார்கள். ஒரே ஓட்டில் மண் மாவு மாதிரி ஆகிவிடுகிறது, பார்க்க அழகாக இருக்கிறது, காட்டுக்காரர் திருப்தியாகக் காசு கொடுக்கிறார். நான் கொத்துக் கலப்பைக்காரன். இந்த அழகில் எனக்கு நம்பிக்கை வரவே இல்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ரொட்டவேட்டர் கத்திகள் சுழன்று வெட்டுவது நாலைந்து அங்குல ஆழம். வருடா வருடம் அதே ஆழம். மேலே மண்ணைப் பொடியாக்கும் கத்தியின் முதுகு, அடியில் உள்ள மண்ணைத் தேய்த்துத் தேய்த்து இறுக்குகிறது. வண்டியின் எடை அதற்கு மேல். நாளடைவில் அரைச் சாண் கீழே தகடு போட்டது போல ஒரு படலம் கட்டிவிடும். சந்தேகம் இருப்பவர்கள், தொடர்ந்து ரொட்டவேட்டர் மட்டுமே ஓட்டிய காட்டில் ஒரு பருத்திச் செடியை மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுத்துப் பாருங்கள். ஆணிவேர் நேரே இறங்காமல் படலத்தில் முட்டி, பக்கவாட்டில் மடங்கிப் படுத்திருக்கும். அந்தச் செடி மார்கழியில் பத்து நாள் மழை தள்ளிப்போனால் தலை சாய்ந்துவிடும். கீழே ஈரம் இருக்கும், அது வேருக்கு எட்டாது.

மானாவாரிக்காரனுக்குப் பெய்கிற மழை உள்ளே இறங்க வேண்டும். மாவாக்கிய செவல் மண்ணில் முதல் பெருமழை விழுந்ததும் மேலே மெல்லிய ஓடு கட்டிக்கொள்ளும். அடுத்த மழை அதன்மேல் வழிந்து ஓடைக்குப் போய்விடும். முளைத்து வரும் குதிரைவாலியால் அந்த ஓட்டைப் பிளந்து மேலே வர முடியாது. கொத்துக் கலப்பை உழுத காடு கட்டியும் கரடுமாகத்தான் இருக்கும். அந்தக் கட்டிகளுக்கு நடுவேதான் மழை நின்று இறங்கும்.

அருகும் கோரையும் மண்டிய காட்டில் ரொட்டவேட்டரை இறக்குவது இன்னும் மோசம். அருகின் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் காடெல்லாம் நட்டுவைத்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு கணுவும் முளைக்கும். ஒரு வாரம் காடு சுத்தமாகத் தெரியும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், முன்னைவிட அடர்த்தியாக இருக்கும். கொத்துக் கலப்பை அந்தக் கொடியை இழுத்து மேலே போடும், சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மக்காச்சோளக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். 2018-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த படைப்புழு மண்ணுக்குள்தான் கூண்டுப் புழுவாகிறது. கோடையில் ஆழ உழுது புரட்டினால் கூண்டுகள் மேலே வந்து வெயிலிலும், கொக்கு, மைனா வாயிலும் போகும். மேலோட்டமான உழவுக்கு அவை தப்பிவிடும்.

சரளைக் காட்டில் கத்தி தேய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறடி ரொட்டவேட்டரில் 42 கத்திகள். கல்லில் அடிபட்டு மூன்று நான்கு உடைந்தாலே ஆட்டம் கண்டு பேரிங்கையும் கியர்பாக்ஸையும் தின்ன ஆரம்பிக்கும். டீசல் மணிக்கு ஐந்து ஆறு லிட்டர் குடிக்கும்.

ரொட்டவேட்டரே ஆகாது என்று சொல்லவில்லை. தக்கைப்பூண்டு மடக்கி உழ, நெல் அறுத்த தாளை மண்ணோடு கலக்க, வெங்காயத்துக்குப் பார் பிடிக்கும் முன் கடைசி ஓட்டுக்கு, தென்னந்தோப்புப் புல்லை அடக்க அது நல்ல கருவி. வருடத்தில் சில நாள் வேலை. அந்தச் சில நாளுக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். சொந்தமாக வேண்டும் என்றால் 40 ஹெச்பி வண்டிக்கு ஐந்தடி போதும்.

"வாடகைக்கு ஓட்டித் தவணையை அடைச்சிடுவேன்" என்பவர்களிடம்தான் எனக்குப் பெரிய பேச்சு இருக்கிறது. டிராக்டர் கடனுக்கு வங்கிகள் அளவாகக் கொள்வது ஆண்டுக்கு 1,000 மணி நேர வேலை. கிணற்றுப் பாசனமும் நெல்லும் உள்ள ஊரில் அது எட்டக்கூடிய எண். நம் மானாவாரியில் மழை பெய்ததும் எல்லாக் காடும் ஒரே வாரத்தில் பதத்துக்கு வரும், எல்லா வண்டியும் ராப்பகலாக ஓடும், பிறகு மாதக்கணக்கில் நிற்கும். ஒரு ஊரில் ஐந்து ரொட்டவேட்டர் இருந்த காலத்தில் ஓட்டியவருக்குக் கட்டுப்படியானது. இன்று இருபது நிற்கும்போது மணிக்கூலியும் ஏறாது, கூலியும் கையில் வராது; வெள்ளாமை எடுத்துத் தருகிறேன் என்று கடன் சொல்வார்கள். சொந்தக்காரர்களிடம் அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

அப்படியானால் என்ன வாங்குவது? முதலில் ஒன்பது கொத்துக் கலப்பை. கரிசலில் கோடை உழவுக்கு ஐந்து கொத்தும் இருந்தால் நல்லது. அடுத்து டிப்பர். எரு அடிக்க, தட்டை ஏற்ற, விளைச்சலை உசிலம்பட்டி சந்தைக்குக் கொண்டுபோக, மழை இல்லாத மாதத்திலும் வண்டியை ஓடவைப்பது அதுதான். அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், மறக்காதீர்கள். அதற்கடுத்து விதைக்கும் கருவி. ஆவணி, புரட்டாசியில் கிடைக்கிற கொஞ்ச ஈரத்தில் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் மக்காச்சோளத்தைப் போட்டுவிட்டால் களை எடுப்பதிலேயே பாதிச் செலவு மிஞ்சும். நம் பக்கம் இதன் அருமை இன்னும் தெரியவில்லை. சட்டிக் கலப்பையும் உளிக்கலப்பையும் சொந்தமாக வேண்டியதில்லை. அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உளிக்கலப்பை ஓட்டி அடிமண் இறுக்கத்தை உடைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேளுங்கள், இல்லாவிட்டால் நாலு பேர் கூட்டாக வாங்குங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது பார்க்க வேண்டியவை சில. விளம்பரத்தில் போடுவது எஞ்சின் ஹெச்பி. கருவியைச் சுழற்றுவது பிடிஓ ஹெச்பி. அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை எந்திரச் சோதனை நிலையத்தின் அறிக்கையில் பிடிஓ சக்தி, டீசல் செலவு, ஹைட்ராலிக் தூக்கும் எடை எல்லாம் இருக்கும். டீலரிடம் அதைக் கேளுங்கள். டிப்பர் இழுப்பவர்கள் எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியை எடுக்க வேண்டும். மல்லப்புரம் மலைப்பாதைப் பக்கம் பாரத்தோடு இறங்குபவர்களுக்கு இதில் சமரசமே கூடாது. பிடிஓ கருவி ஓட்டுபவர்களுக்கு இரட்டை கிளட்ச் வேண்டும். வண்டி தயாரான மாதம், வருடம் பாருங்கள். போன வருட வண்டியை இந்த வருட விலைக்குத் தள்ளிவிடுவது நடக்கிறது. டயரின் பக்கத்தில் வாரமும் வருடமும் நாலு எண்ணாகப் பொறித்திருக்கும், அதையும் படியுங்கள். பம்பர், ஹூக், டாப் லிங்க், டூல் கிட் எல்லாம் விலையில் அடக்கமா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், டெமோ வண்டியை உங்கள் காட்டில், உங்கள் கலப்பையோடு ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மானியம் வேண்டுபவர்கள் உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ முதலில் பதிய வேண்டும். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, என்பது திட்டம். வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அதில் மிஞ்சும் காசில் அடுத்த பெரிய மாடலுக்குத் தாவாமல் ஒரு நல்ல விதைக்கும் கருவி வாங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பையனுக்கும் எந்திரம் கைவராது. சிலருக்கு எஞ்சின் சத்தம் மாறினாலே எங்கோ கோளாறு என்று காது சொல்லிவிடும். சிலருக்கு மண்ணைக் கையில் பிடித்தாலே பதம் தெரியும். இரண்டும் இல்லாத பையனுக்கு ஆடு வளர்ப்பதிலோ கணக்கு வழக்கிலோ சாமர்த்தியம் இருக்கலாம். அவனை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துப் பொறுப்பு வரவைக்க முடியாது. ஆசையாகக் கேட்கிற பையனை முதலில் நல்ல டிரைவர் ஒருவரோடு ஒரு பருவம் அனுப்புங்கள். கிரீஸ் அடிக்கவும், ஏர் ஃபில்டர் துடைக்கவும், இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்து உழவும் சலிக்காமல் இருக்கிறானா என்று பாருங்கள். மட்கார்டில் ஆள் ஏற்றாத ஒழுங்கு அவனுக்கு வந்திருக்கிறதா, பிடிஓ ஷாஃப்ட் சுற்றும்போது வேட்டியும் துண்டும் கட்டியவர்களை அருகே விடாமல் இருக்கிறானா என்றும் பாருங்கள். அதன் பிறகு வாங்கிக் கொடுத்தால் வண்டியும் தங்கும், பையனும் தங்குவான்.

இந்த வருடமே எடுத்தாக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வருகிற விதைப்புக்கு வாடகை வண்டி வைத்தே உழுங்கள். எந்தக் காட்டுக்கு எந்தக் கருவி, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். வெள்ளாமை வீடு வந்ததும் தை மாதம் அதைக் கூட்டிப் பாருங்கள். சொந்த வேலை, நிச்சயமாகக் காசு தரும் வாடகை வேலை இரண்டும் சேர்ந்து தவணையைத் தாங்கும் என்றால் அந்த நோட்டோடு ஷோரூமுக்குப் போங்கள். தாங்காது என்றால் ஒன்பது கொத்துக் கலப்பை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, பக்கத்துக் காட்டுக்காரரின் வண்டியில் மாட்டி உழுங்கள்.