கொழுக்குமலையில் ஒரு கூடார இரவு

போடியில் வண்டி ஏறும்போது வெக்கை தாங்காது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி சேர்வதற்குள் பையில் ஸ்வெட்டரைத் தேடுவீர்கள். அங்கிருந்து ஜீப்பில்தான் மேலே போக வேண்டும். கொழுக்குமலை இருப்பது நம் தேனி மாவட்டத்தில். வண்டிப் பாதை இருப்பதோ கேரளத்தின் பக்கம். ஏறத்தாழ 7,000 அடி உயரம். காலையில் காலடியில் மேகம் கடல்போல் விரிந்து கிடக்க, அதைக் கிழித்துக்கொண்டு சூரியன் எழுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். விடியும் முன் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவோர் ஒரு பக்கம். முந்தின இரவே டென்டில் தங்குவோர் இன்னொரு பக்கம். இந்தக் குறிப்பு இரண்டாவது வகையினருக்கு.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். மூணாறு சுற்றுவட்டாரத்தில் சில நாள் உறைபனியே விழும். இதைக் கேட்டதும் பலரும் கனமான போர்வையை எடுத்து வைக்கிறார்கள். ஆனால் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வருகிறது. நீங்கள் படுக்கும் தரை இரவு முழுக்க உங்கள் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதல் முறை நான் இரண்டு கம்பளி போர்த்தியும் தூங்காமல் கிடந்தேன். அடியில் இருந்தது ஒரு மெல்லிய ஷீட் மட்டும். இப்போது முகாமில் பேசும்போதே கேட்டுவிடுகிறேன்: கீழே என்ன விரிப்பீர்கள்? தடிமனான ஃபோம் மேட் இரண்டு கிடைத்தால் நல்லது. காற்றடைக்கும் மெத்தைக்குள் பஞ்சோ ஃபோமோ இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் காற்றே குளிர்ந்து முதுகைத் தாக்கும். அதன்மேலும் ஒரு கம்பளியை விரித்துவிட்டுப் படுங்கள்.

அடுத்தது ஈரம். குளிருக்குப் பயந்து டென்டின் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால், உங்கள் மூச்சுக்காற்றே உட்சுவரில் நீராகப் படிந்து விடியற்காலையில் சொட்டும். மேலே ஒரு கையளவு திறந்து வையுங்கள். பகலில் வியர்த்த பனியனோடு படுக்காதீர்கள். உலர்ந்த உள்ளாடை, உலர்ந்த சாக்ஸ், காதை மூடும் குல்லாய், இவை படுக்கைக்கென்றே தனிப் பையில் இருக்கட்டும்.

இனி மின்சாரம். "டென்டுக்குள்ளே பிளக் பாயின்ட் உண்டா?" என்று கேட்காதவர் இல்லை. இல்லை என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சொந்தக் காரைச் சூரியநெல்லியில் விட்டுவிட்டுத்தான் ஏறப்போகிறீர்கள். ஆகவே கார் சாக்கெட்டையும் நம்ப முடியாது. கையில் இருப்பதுதான் கணக்கு.

வீட்டு மின்சாரக் கட்டண மொழியிலேயே பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் இருப்பது 74 வாட்-மணி. இடையில் வீணாவது போக, போனுக்குப் போய்ச் சேர்வது 50 சொச்சம். 5,000 எம்ஏஎச் போனை இரண்டரை முறை நிரப்பலாம். ஒரு சின்ன எல்இடி விளக்கு இரண்டு வாட்தான் குடிக்கும். இரவு முழுக்க எரிந்தாலும் பெரிய செலவில்லை. ஆனால் 2,000 வாட் ரூம் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட்டை விழுங்கிவிடும். முதுகு ஒடியத் தூக்கி வரும் 500 வாட்-மணி பவர் ஸ்டேஷனும் அதற்குக் கால் மணி நேரம்தான் தாங்கும். அதனால் மின்சாரத்தை வெளிச்சத்துக்கும் போனுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டை வேறு வழியில் தேடுங்கள்.

வெந்நீர்தான் அந்த வழி. ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் 80 டிகிரி வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் வையுங்கள். அது உடம்புச் சூட்டுக்கு ஆறுவதற்குள் வெளிவிடும் வெப்பம் 50 வாட்-மணி. அதாவது ஒரு பெரிய பவர் பேங்க் தரக்கூடியது அவ்வளவும், முகாம் சமையற்கட்டில் கேட்டால் கிடைக்கும் வெந்நீரில் இருக்கிறது. பிளாஸ்க் உதவாது, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஒற்றைச் சுவர் பாட்டில் வேண்டும்.

போனையும் பவர் பேங்க்கையும் அதே ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும். 40 சதவீதம் காட்டிய போன் காலையில் படமெடுக்கும் நேரத்தில் அணைந்து போகும். மலை மடிப்பில் சிக்னல் தேடித் தேடியே பாதி சார்ஜ் தீர்வதால் இரவில் ஃப்ளைட் மோடில் வையுங்கள். சோலார் பேனல் வேண்டாம். நீங்கள் மேலே இருப்பது பெரும்பாலும் இருட்டிலும் பனிமூட்டத்திலும்தான். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று கட்டாயம்.

குளிர் எவ்வளவு கடுமையானாலும் கரி அடுப்பை டென்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இடத்தையும் விசாரித்துப் பதிவு செய்யுங்கள். சூரியநெல்லியைச் சுற்றியுள்ள சின்னக்கானல் வட்டாரம் யானைகள் நடமாடும் நிலம். அரிசி தேடி ரேஷன் கடையை உடைத்துப் பேர் வாங்கிய அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது இங்கேதான். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. காட்டோரத்தில் அனுமதியில்லாமல் போட்ட முகாம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தின்பண்டம், பழம் எதையும் டென்டுக்குள் வைக்காதீர்கள். எல்லாம் சமையற்கட்டுக்குப் போகட்டும். இரவில் சிறுநீர் கழிக்கக்கூடத் தனியாக இருட்டுக்குள் நடக்காதீர்கள்.

கடைசியாக நெருப்பு. 2018 மார்ச் 11 அன்று இதே மலைச்சரிவில், குரங்கணிப் பக்கம், காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். பிப்ரவரி பிறந்துவிட்டால் இங்கே புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். முகாம்காரர்களே மூட்டிய நெருப்பானாலும், தூங்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் குளிர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.