கணனி எழும்ப ஏன் நேரமாகிறது?



தோட்டத்திலிருந்து போய்த் திருகோணமலை மாவட்டம் கிளிவெட்டியில் குடியேறிய உறவினர் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தோம். மகளின் படிப்புக்கு வாங்கிய பழைய கணனிக்கு அம்மா சுவிட்சைப் போட்டார். தேத்தண்ணி ஊற்றி, ஆற்றி, நாம் குடித்து முடித்த பிறகுதான் திரையில் படம் வந்தது. "இது பழுதாப் போச்சுங்க. கடன்பட்டாவது புதுசு வாங்கணும்" என்றார். பக்கத்து வீட்டுப் புதுக் கணனி பதினைந்து செக்கனில் தயாராகிவிடுகிறதாம். ஏன் இந்த வித்தியாசம்? கடன்படுமுன் தெரிந்துகொள்வோம்.

கணனிக்கும் காலையில் பெரட்டு உண்டு. மின்சாரம் வந்ததும் உள்ளே பதித்திருக்கும் சிறு நிரல் ஒன்று, நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று கணக்கப்பிள்ளை போலப் பேர் கூப்பிடும். அடுத்து, விண்டோஸ் போன்ற இயக்க மென்பொருளைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றும். தாமதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான்.

பழைய கணனியின் சேமிப்பகம் சுழலும் தட்டு. அதுதான் ஹார்ட் டிஸ்க். அது நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும். சிறு கை ஒன்று நகர்ந்து போய், வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருந்து வாசிக்கும். ஒரு தடவைக்கு ஒரு செக்கனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆனால் ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேடவேண்டுமே! மலையெல்லாம் கிடக்கும் கொழுந்துச் சாக்குகளை ஒரே ஆள் ஓடி ஓடிச் சேர்ப்பது போலத்தான்.

புதியவற்றில் உள்ள எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. சில்லுகளிலிருந்து மின்சாரத்தாலேயே வாசிப்பதால் தேடும் நேரம் பல மடங்கு குறைகிறது. அத்தோடு, 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், நிறுத்தும்போதே தன் நிலையில் ஒரு பகுதியை எழுதிவைத்துவிடும் வசதியும் உண்டு. மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆகவே, மெதுவாக எழும்பும் கணனியெல்லாம் பழுதானது அல்ல. நாம் செய்யக்கூடியவை:

1. தொடங்கும்போதே தானாகத் திறக்கும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்துங்கள்.

2. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடமுடியுமா என்று திருத்துபவரிடம் கேளுங்கள். பல கணனிகளில் முடியும். புதுக் கணனியைவிடச் செலவும் குறைவு. முதலில் பிள்ளையின் பாடங்களை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

3. பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள். கோப்புகள் கெட்டுப்போகலாம்.

4. 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் தட்டு பழுதாகிவருகிறது. உடனே பிரதி எடுங்கள்.

கிளிவெட்டி அம்மாவுக்கும் இதையே சொன்னோம். தட்டை மட்டும் மாற்றினார்கள். இப்போது தேத்தண்ணி ஆறுமுன் படம் வந்துவிடுகிறதாம். கடனும் இல்லை!