பயோடேட்டாவுக்கு முன்னால் ஒரு பக்கம்

காந்தலூர்,
ஞாயிறு இரவு.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ போனில் அனுப்பிய பயோடேட்டாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். கடின உழைப்பாளி, பொறுப்பானவள், எல்லோரோடும் ஒத்துப்போவேன் என்று எழுதியிருக்கிறாய். பொய் ஒன்றுமில்லை. ஆனால் உன் பேரை அழித்துவிட்டு, உன்னோடு பி.காம். முடித்த யார் பேரை எழுதினாலும் அந்தக் காகிதம் பொருந்தும். அதுதான் எனக்கு உறுத்தியது.

நேற்று உன் அப்பா வாசலில் சாக்கை விரித்துப் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, பல் இறுகியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பெரியது ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், விதைக்கு ஆகிறது தனியே. 'எல்லாம் நல்ல பூண்டு' என்று மொத்தமாகச் சொன்னால் வடுகபட்டிச் சந்தையில் என்ன விலை கிடைக்கும்? நீ உன்னை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார். நம் காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2022இல்தான் வந்தது. மறையூர் வெல்லத்துக்கு 2019இல். குறியீடு வந்த வருஷம் பூண்டின் காரம் திடீரென்று கூடிவிட்டதா? என் பாட்டி காலத்திலும் அதே காரம்தான். இந்த மண்ணில் விளைவதற்கு என்ன தனிக் குணம் என்று அப்போதுதான் சாட்சியோடு எழுதிக் கொடுத்தார்கள். நமக்கு அது தினம் ரசத்தில் போடுகிற சாமான். ஊருக்குள் எல்லோரிடமும் இருப்பதை ஊருக்குள் யாரும் மதிப்பதில்லை.

உன் சங்கதியும் அதுதான். போன சீசனில் ஹோம்ஸ்டேயில் வேலை பார்த்தபோது கொச்சிக்காரர்களிடம் மலையாளம், உடுமலைக்காரர்களிடம் தமிழ், பெங்களூர்ப் பிள்ளைகளிடம் இங்கிலீஷ் என்று மாற்றி மாற்றிப் பேசினாயே, அது பயோடேட்டாவில் எங்கே? ஜிபேயில் வந்த பணத்தை அறை ரிஜிஸ்டரோடு ஒத்துப்பார்த்து, 1,800 ரூபாய் இடிக்கிறது என்று ராத்திரி பத்து மணிக்குக் கண்டுபிடித்தது யார்? 'பொறுப்பானவள்' என்ற சொல்லை விட அந்த ஒரு ராத்திரி கனமானது.

ஒரு நோட்டை எடுத்து மூன்று கட்டம் போடு. முதல் கட்டத்தில் நீ செய்த வேலைகள். குணத்தை எழுதாதே, செய்ததை எழுது. இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் சாட்சி: எங்கே, எத்தனை நாள், யாரைக் கேட்டால் சொல்வார்கள். சாட்சி இல்லாததை அடித்துவிடு. மூன்றாவதில் இன்னும் வராதது.

அந்த மூன்றாவது கட்டத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன். உன் வயசில் உடுமலையில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போனேன். "எல்லாக் கணக்கும் தெரியும்" என்றேன். முதலாளி ஒன்றும் பேசாமல் பேரேட்டை நகர்த்தி, "நேற்றைய இருப்பைச் சொல்லும்மா" என்றார். வீட்டுப் பூண்டுக் கணக்கில் வரவும் செலவும் எழுதியவளுக்குப் பேரேடு எங்கே தெரியும்? பக்கத்தைப் புரட்டிப் புரட்டி வேர்த்துப்போனேன். சின்னாறு வரைக்கும் பஸ்ஸில் அழுதேன். அடுத்த இடத்தில், "வரவு செலவு பிழையில்லாமல் எழுதுவேன், பேரேடு பழகவில்லை, ஒரு வாரம் காட்டிக்கொடுங்கள்" என்றேன். வேலை கிடைத்தது.

உனக்கு மலையாளம் வாயில் தண்ணீராய் ஓடுகிறது. ஆனால் ஒரு விண்ணப்பம் பிழையில்லாமல் எழுத வருமா? கேரள பி.எஸ்.சி. பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அதை இப்போதே எழுதிப் பார். டேலி படித்தேன் என்கிறாய். சர்டிபிகேட்டை மூடிவைத்துவிட்டு ஒரு மாசக் கணக்கைத் தனியாக ஏற்றிப் பார். பாதியில் நின்றால் வெட்கப்படாதே, நின்ற இடத்தைக் குறித்துக்கொள். அங்கிருந்துதான் படிக்க வேண்டும்.

கடைசியாக, அடுத்தவர் கேட்கும் முன் உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று. நீ வேலைக்குப் போகக்கூடிய மூணாறும் உடுமலையும் மறையூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்று மலைச்சுற்று, இன்னொன்று யானை இறங்குகிற காட்டு ரோடு. தினம் போய்வரும் கதை நடக்காது. ஹாஸ்டலில் இருப்பாயா, முதல் சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சினால் போதும், அப்பாவுக்கு அறுவடைக்கு ஆள் வேண்டியபோது லீவு கிடைக்காவிட்டால் தாங்குவாயா? பதிலை அப்பாவுக்குப் பிடித்த மாதிரி எழுதாதே. உள்ளபடி எழுது.

எழுதி முடித்ததும் என்னிடம் காட்டாதே, நான் பாசத்தில் கூட்டிச் சொல்லிவிடுவேன். அந்த 1,800 ரூபாய்க்கு உன்னோடு சண்டை போட்டாரே ஹோம்ஸ்டேக்காரர், அவரிடம் காட்டு. அவர் எதை அடிக்காமல் விடுகிறாரோ அதை வைத்துப் புது பயோடேட்டா எழுது.

அன்புடன்,
அத்தை