கைப்பேசியில் இடம் இல்லையா?



சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறேன். தனி ஊசலின் அலைவுகளைக் கைப்பேசியில் வீடியோவாகப் பதிவு செய்து, அதிலிருந்து அலைவு நேரத்தைக் கணக்கிடும் சோதனை அன்று நடந்துகொண்டிருந்தது. முதலாண்டு மாணவர் ஒருவரின் கைப்பேசி, பதிவு தொடங்கியதுமே "சேமிக்க இடம் இல்லை" என்று அறிவித்து நின்றுவிட்டது. அவர் அவசரமாக ஏதோ ஒரு கோப்புறையைத் திறந்தார். உள்ளே இருந்த கோப்புகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தார். மீண்டும் பதிவைத் தொடங்கினார். சற்று நேரத்திலேயே மறுபடியும் அதே அறிவிப்பு!

அவர் அழித்தவை நான்கு ஒலிப்பதிவுகள். மறைந்துபோன அவருடைய பாட்டி பேசிய பேச்சு அவற்றில் இருந்தது. இதை அவர் மாலையில்தான் உணர்ந்தார். அந்தக் குரலும் போயிற்று; வேண்டிய இடமும் கிடைக்கவில்லை.

இது ஏன் நேர்ந்தது? கைப்பேசியில் இடத்தை அடைப்பது எது? அழித்தல் என்றால் உண்மையில் என்ன? இவற்றை அறிந்தவர் இத்தகைய தவற்றைச் செய்யமாட்டார். ஆகவே, இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எது எவ்வளவு இடத்தை அடைக்கும்?

கணினிக்கும் கைப்பேசிக்கும் தெரிந்தவை 0, 1 என்ற இரு குறிகளே. இக்குறி ஒன்றைப் பிட் என்கிறோம். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆயிரம் பைட் ஒரு கிலோபைட். பத்து லட்சம் பைட் ஒரு மெகாபைட். நூறு கோடி பைட் ஒரு ஜிகாபைட். 128 ஜிகாபைட் கொண்ட கைப்பேசியில் ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான பிட்டுகளைச் சேமிக்கலாம். இதில் ஒரு பகுதியைக் கைப்பேசியை இயக்கும் மென்பொருளே எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதே நமக்கு.

இப்பொழுது சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்து. இன்று பரவலாக வழங்கும் யூனிகோடு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் தேவை. 'கி' என்பது 'க'வும் மேல்விலங்கும் சேர்ந்த இரு குறிகளாகச் சேமிக்கப்படுவதால் அதற்கு ஆறு பைட். ஒரு பக்கத்தில் 2,000 குறிகள் இருப்பதாகக் கொண்டால், அப்பக்கம் 6 கிலோபைட் இடத்தை அடைக்கும்.

இரண்டாவது, ஒலி. விநாடிக்கு 64,000 பிட் என்ற அளவில் பேச்சைப் பதிவு செய்வதாகக் கொள்வோம். அதாவது விநாடிக்கு 8,000 பைட். நிமிடத்துக்கு 4,80,000 பைட். ஏறத்தாழ அரை மெகாபைட்.

மூன்றாவது, வீடியோ. ஒரு சட்டத்தில் 1,920 × 1,080 புள்ளிகள். அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். விநாடிக்கு 30 சட்டங்கள். பெருக்கிப் பாருங்கள். விநாடிக்குச் சுமார் 187 மெகாபைட். நிமிடத்துக்கு 11 ஜிகாபைட்டுக்கும் மேல்! இப்படியே சேமித்தால் 128 ஜிகாபைட்டும் பன்னிரண்டு நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். எனவே கைப்பேசி இதனைச் சுருக்குகிறது. ஊசல் ஆடும்போது பின்னாலுள்ள சுவர் மாறுவதில்லை அல்லவா? மாறாத பகுதியை மீண்டும் மீண்டும் எழுதாமல், மாறும் பகுதியை மட்டும் குறித்துக்கொள்வது இச்சுருக்கத்தின் முக்கியமான வழி. இதனால் ஒரு நிமிட வீடியோ சுமார் 130 மெகாபைட்டாகக் குறைகிறது.

இம்மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வீடியோவின் இடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பக்கங்களை வைக்கலாம். நம் மாணவர் அழித்த பதிவுகள் நான்கும் சேர்ந்து நான்கு நிமிடம் ஓடக்கூடியவை. அவை அடைத்த இடம் 2 மெகாபைட்டுக்கும் குறைவு. ஒரு விநாடி வீடியோவிற்கு அது சரியாகப் போயிற்று!

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி இதுதான்: கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்; பருமனைப் பாருங்கள். ஆயிரம் குறுஞ்செய்திகளை அழித்துக் கிடைக்காத இடம், தேவையற்ற ஒரு வீடியோவை அழித்தால் கிடைத்துவிடும்.

எலெக்ட்ரான்களின் சிறை

பிட் என்பது கைப்பேசியினுள் எந்த வடிவில் உள்ளது? கைப்பேசியின் சேமிப்பகம் 'ஃபிளாஷ் நினைவகம்' என்ற வகையைச் சேர்ந்தது. இதன் அடிப்படை உறுப்பு ஒரு சிறப்பு வகை டிரான்சிஸ்டர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர் இதற்கு வழி வகுத்தனர். டிரான்சிஸ்டரினுள், நாற்புறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு கடத்தியை அவர்கள் அமைத்தனர். எதனுடனும் தொடர்பின்றி இருப்பதால் அதற்கு 'மிதக்கும் வாயில்' என்று பெயர். அதனுள் எலெக்ட்ரான்களைச் செலுத்திவிட்டால், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அவை பல ஆண்டுகள் வெளியேறாமல் இருக்கும். எலெக்ட்ரான்கள் இருந்தால் 0, இல்லையேல் 1. இன்றைய சில்லுகள் பலவற்றில் கடத்திக்குப் பதிலாக, எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் சிலிக்கன் நைட்ரைடு படலம் பயன்படுகிறது. தத்துவம் ஒன்றே. எலெக்ட்ரான்களின் அளவை எட்டுப் படிகளாகப் பிரித்தறிந்து, ஓர் அறையிலேயே மூன்று பிட்டுகளைச் சேமிப்பதும் உண்டு.

சுற்றிலும் மின்காப்புச் சுவர் இருக்க, எலெக்ட்ரான் உள்ளே நுழைவது எப்படி? இங்குதான் குவாண்டம் இயக்கவியல் கைகொடுக்கிறது. சுவர் சில நானோமீட்டர் தடிப்பே உடையது. எடுத்துக்காட்டாக, 10 நானோமீட்டர் தடிப்பின் குறுக்கே 10 வோல்ட் மின்னழுத்தம் உள்ளதாகக் கொள்வோம். மின்புலம் = மின்னழுத்தம் ÷ தொலைவு. விடை, மீட்டருக்கு நூறு கோடி வோல்ட்! காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டே போதும் என்பதை நினைவுகூருங்கள். இவ்வளவு வலிய மின்புலத்தில் எலெக்ட்ரான், ஏறிக் கடக்க இயலாத ஆற்றல் சுவரை ஊடுருவி மறுபுறம் சென்றுவிடுகிறது. இதனைச் 'சுரங்க விளைவு' என்பர். எதிர்த் திசையில் மின்புலத்தை அளித்தால் எலெக்ட்ரான்கள் வெளியேறும். அதுவே அழித்தல். இதற்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைச் சில்லினுள் உள்ள சுற்றே, கைப்பேசி மின்கலத்தின் குறைந்த அழுத்தத்திலிருந்து உயர்த்திக் கொடுக்கிறது.

ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அச்சுவர் சிறிது பழுதடைகிறது. ஆகவே ஓர் அறையை அளவற்ற தடவை பயன்படுத்த இயலாது. ஒரே இடம் விரைவில் தேய்ந்துவிடாதபடி, எழுதும் வேலையைச் சில்லின் எல்லாப் பகுதிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் கட்டுப்படுத்தி ஒன்று உள்ளே இருக்கிறது.

எழுதுவது பக்கமாக, அழிப்பது தொகுதியாக

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா, அறைகளை ஒவ்வொன்றாக அழிக்காமல் கூட்டமாக ஒரே நேரத்தில் அழிக்கும் முறையை 1984இல் வெளியிட்டார். அந்த அழித்தல், புகைப்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால் உடன் பணியாற்றிய அரிஇஸுமி அதற்கு 'ஃபிளாஷ்' என்று பெயர் சூட்டினார்.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. எழுதும்போது 'பக்கம்' பக்கமாக எழுதலாம். ஆனால், நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய 'தொகுதி'யை முழுமையாகத்தான் அழிக்க முடியும். வகுப்பறையில் ஒரு விந்தையான கரும்பலகை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒரு வரியை மட்டும் அழிக்க இயலாது. துடைத்தால் பலகை முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். ஆசிரியர் என்ன செய்வார்? வேண்டிய வரிகளை வேறொரு காலிப் பலகையில் எழுதிக்கொண்டு, பிறகு பழைய பலகையைத் துடைப்பார். கட்டுப்படுத்தியும் இதையே செய்கிறது.

காலிப் பலகைகள் பல இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஓயாமல் இடம் மாற்றி எழுதவேண்டும். சேமிப்பகம் நிரம்பி வழியும் கைப்பேசி மந்தமாக இயங்குவதற்கு இது ஒரு காரணம். எனவே பத்தில் ஒரு பங்கு இடத்தையாவது எப்பொழுதும் காலியாக வைத்திருப்பது நல்லது.

அழித்த கோப்பு எங்கே போகிறது?

பல கைப்பேசிகளில் நீங்கள் அழிக்கும் படமும் வீடியோவும் உடனே அழிவதில்லை. அவை குப்பைத்தொட்டி என்ற பகுதிக்குச் சென்று, பெரும்பாலும் 30 நாள்கள் அங்கேயே இருக்கும். அதுவரை இடமும் காலியாகாது. "அழித்தேன், இடம் கூடவில்லையே!" என்று வியப்பவர்கள் குப்பைத்தொட்டியைப் பார்க்கவேண்டும்.

தொட்டியையும் காலி செய்துவிட்டால்? நூலகத்தில் ஒரு நூலின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டதைப் போன்றது அது. நூல் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் எங்கே என்று சொல்வார் இல்லை. அடுத்து, "இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம்" என்ற செய்தி கட்டுப்படுத்திக்கு எட்டுகிறது. அது ஓய்வு கிடைக்கும்போது அத்தொகுதியைத் துடைத்துவிடுகிறது. அன்றியும், இன்றைய கைப்பேசிகளில் தரவுகள் மறைகுறியாக மாற்றப்பட்டே எழுதப்படுகின்றன. ஆகவே மிச்சம் மீதி கிடைத்தாலும் அதைப் படிப்பது அரிது.

நம் மாணவரின் ஒலிப்பதிவுகள் குப்பைத்தொட்டிக்குச் செல்லவில்லை, நேராக அழிந்துவிட்டன. மீட்டுத் தரும் மென்பொருள்கள் சிலவற்றை அவர் இயக்கிப் பார்த்தார். பயன் இல்லை. எலெக்ட்ரான்கள் சிறையிலிருந்து வெளியேறிய பின் அவற்றைத் திரும்ப அழைக்க எந்த மென்பொருளாலும் இயலாது.

இடத்தை மீட்கும் முறை

1. முதலில் 'அமைப்புகள்' பகுதியில் சேமிப்பகத்தைத் திறந்து பாருங்கள். படம், வீடியோ, செயலி எனத் தனித்தனியாக எவ்வளவு இடம் என்ற கணக்கு அங்கே இருக்கும். கணக்கைப் பார்க்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

2. கோப்புகளைப் பருமன் வரிசைப்படி அடுக்கி, பெரியவற்றிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப் செயலியிலும் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பகுதி உண்டு. 5 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளையும், பலமுறை பகிரப்பட்டு வந்தவற்றையும் அது தனியே காட்டும். காலை வணக்கப் படங்களும் வேடிக்கை வீடியோக்களும் அங்கேதான் குவிந்திருக்கும்.

3. பதிவிறக்கக் கோப்புறையில் ஒரே பாடக் கோப்பு மூன்று முறை இறங்கியிருக்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். மாதக்கணக்கில் திறக்காத செயலிகளையும் நீக்கலாம்.

4. செயலிகள் தம் வசதிக்காகச் சேர்த்துவைக்கும் தற்காலிகச் சேமிப்பைக் 'கேச்' என்பர். அதை அழிப்பதால் கேடில்லை; ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த மீண்டும் சேரும். இதற்கு அருகிலேயே உள்ள 'தரவை அழி' என்பது வேறு. அது செயலியில் நீங்கள் செய்துவைத்த அமைப்புகளையும், அதனுள் சேமித்தவற்றையும் சேர்த்து அழித்துவிடும். கவனம் தேவை.

5. பெயர் புரியாத கோப்புகளையும், இயக்க மென்பொருளின் கோப்புறைகளையும் தொடாதீர்கள். "ஒரே நொடியில் சுத்தம்" என்று விளம்பரம் செய்யும் முன்பின் அறியாத செயலிகளை நம்பவேண்டாம்.

6. இணையத்தில் படங்களின் பிரதியை வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசியும் இணையச் சேமிப்பும் இணைந்து இயங்கும்போது, இங்கே அழித்த படம் அங்கேயும் அழிந்துவிடலாம். கைப்பேசியில் மட்டும் இடத்தை விடுவிக்கும் வசதி தனியே இருக்கும். அதையே பயன்படுத்துங்கள்.

7. அரிய கோப்புகளுக்கு இரண்டு பிரதிகள் வேறு வேறு இடங்களில் இருக்கட்டும். கணினியில் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்து, அது ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கைப்பேசியிலிருந்து அழிக்கவேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு நிமிட வீடியோ ஒன்றை எடுங்கள். எடுப்பதற்கு முன், எடுத்த பின், அழித்த பின், குப்பைத்தொட்டியைக் காலி செய்த பின் என நான்கு நிலைகளிலும் காலி இடத்தின் அளவைக் குறித்து அட்டவணைப்படுத்துங்கள். அசையாத சுவரை ஒரு நிமிடமும், காற்றில் அசையும் மரத்தை ஒரு நிமிடமும் எடுத்து அவ்விரு கோப்புகளின் பருமனையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அதற்குக் காரணம் என்ன என்று எழுதுங்கள்.

சிந்தியுங்கள்

1. ஒரு படத்தில் 120 லட்சம் புள்ளிகள் உள்ளன. சுருக்காமல் சேமித்தால் எத்தனை மெகாபைட்? அது 4 மெகாபைட்டாகச் சுருக்கப்பட்டால், 10 ஜிகாபைட்டில் எத்தனை படங்களை வைக்கலாம்?

2. சில கணினிகள் 1,024 × 1,024 × 1,024 பைட்டுகளை ஒரு ஜிகாபைட்டாகக் கொள்கின்றன. அவற்றில் 128 ஜிகாபைட் சேமிப்பகம் எவ்வளவு என்று காட்டும்?

(விடைகள்: 1. 36 மெகாபைட், 2,500 படங்கள். 2. சுமார் 119.)

விடைகளைக் கணக்கிட்ட பிறகு இன்னொரு வேலையும் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் உங்கள் கைப்பேசியில் எங்கேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், இடம் தேடப் புறப்படுமுன் அதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ அரை மெகாபைட்தான் ஆகும்.