பேங்க் பார்த்தாச்சு, வாஸ்து பார்த்தாச்சு, வீட்டை யார் பார்த்தது?

திருவனந்தபுரத்தில் வீடு வாங்க வருகிறவரிடம் புரோக்கர் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "சார், பேங்க்காரனே லோன் தர்றான். இதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு?" மகனுக்கு டெக்னோபார்க் பக்கம் ஃபிளாட் தேடி நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வருகிற அப்பாக்கள் இதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டுகிறார்கள். வீட்டைத் தட்டிப் பார்த்து, அளந்து, அறிக்கை எழுதித் தரும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாஸ்து பார்ப்பவருக்கு மனமுவந்து கொடுக்கிற தட்சிணையை அவர்களுக்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. அதற்குக் காரணமான சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பேங்க் இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டார்.

பார்த்தார், பேங்குக்காக. கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்து எவ்வளவுக்கு விலைபோகும் என்பதே அவர் கேள்வி. எல்லை, பிளான், பரப்பளவு, வட்டார விலை, நாலு போட்டோ, அவ்வளவுதான். குளியலறைத் தண்ணீர் அடுத்த அறைச் சுவரில் இறங்குகிறதா என்று பார்க்க அவரை யாரும் அனுப்பவில்லை.

நம்பிக்கை: மாநகராட்சி அனுமதி இருக்கிறது, கவலையில்லை.

அனுமதி என்பது வரைபடத்துக்குக் கிடைப்பது. கேரளத்தில் 2024 ஜனவரி 1 முதல் கே-ஸ்மார்ட் என்ற உள்ளாட்சி இணையச் சேவை வழியாகச் சிறிய வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் தளத்துக்குள் எத்தனை கம்பி போனது என்பது அதில் வராது.

இதற்கு நேரெதிரான பாடம் கொச்சியின் மரடு. உள்ளாட்சி அனுமதியோடு எழுந்த கட்டடங்கள்தான் அவை. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்பு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே சுவரைத் தட்டிப் பார்க்கும் பொறியாளர் போயிருந்தாலும் உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. காகிதத்தைப் பார்க்க வக்கீல், சுவரைப் பார்க்க பொறியாளர். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது.

நம்பிக்கை: புது வீடு, நம்பகமான ஆட்கள் கட்டியது. சோதனை எதற்கு?

மறுபடியும் கொச்சிதான். வைற்றிலா அருகே சந்தர்குஞ்ச் ராணுவக் கோபுரங்கள். ராணுவத்தினருக்காக அவர்களுடைய வீட்டுவசதி அமைப்பே கட்டி 2018இல் ஒப்படைத்தது. சில வருடங்களிலேயே கான்கிரீட் பெயர்ந்து விழத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் பி, சி ஆகிய இரு கோபுரங்களையும் இடித்துத் திரும்பக் கட்டும்படி கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கு மேல் நம்பகமான பெயருக்கு எங்கே போவது?

எல்லாப் புது வீடும் அப்படியில்லை. புது வீட்டில் சாதாரணமாக அகப்படுபவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் 'டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும். அடியில் கலவை நிரம்பவில்லை. குளியலறை வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கிவைத்து, கீழ்வீட்டு சீலிங்கைப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிடுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. பிளக் பாயின்டில் மூன்று விளக்குள்ள சின்ன டெஸ்டரைச் செருகினால், எர்த் கம்பி இணைக்காமலே மூடிய பாயின்ட் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: விரிசல்தான் ஆபத்து. ஓதத்துக்கு பெயின்ட் அடித்தால் போதும்.

தலைகீழ். பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல்களும், பீமும் செங்கல் சுவரும் சேருமிடத்துக் கோடுகளும் பெரும்பாலும் பார்வைக்கு மட்டுமே அசிங்கம். (மூலைவிட்டமாகப் படியேறி, நாளுக்கு நாள் அகலும் விரிசல் வேறு கதை.) பயப்பட வேண்டியது பால்கனி அடியில் கம்பி போகும் வழியிலேயே ஓடும் பழுப்புக் கோடு.

திருவனந்தபுரத்தில் சங்குமுகம், வலியதுறை பக்கம் பத்துப் பதினைந்து வருடக் கட்டடங்களில் இதைத் தெருவில் நின்றே பார்க்கலாம். உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து பிளந்து, கடைசியில் பாளமாகப் பெயர்த்துவிடும். கடலோரக் காற்றுப் படும் கான்கிரீட்டை இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 'கடுமை' வகையில் வைத்து, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்), குறைந்தது எம் 30 கலவை என்று சொல்கிறது. தளம் போடும் நாளில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகுவதை நகரத்தில் எங்கும் பார்க்கலாம். அந்தப் பழுப்புக் கோட்டின் மேல் புட்டி பூசி வெள்ளை அடித்து விற்பதையும்தான். ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால், அங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ரீபவுண்ட் சுத்தியலை அடித்து ஒரு எண் சொல்வார்கள். அதிலிருந்து கணக்கிடும் கான்கிரீட் வலிமை 25 சதவீதம் வரை ஏறலாம், இறங்கலாம். பழைய கட்டடத்தில் இன்னொரு சிக்கல். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும். சுத்தியல் ஏமாந்து அதிக எண் காட்டும். ஆனால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையை அழிப்பதும் அதே கார்பன் ஏற்றம்தான். எண் ஏறுகிறது, காவல் குறைகிறது! புதிதாக உடைத்த பகுதியில் பினால்ப்தலீன் தெளித்தால் இளஞ்சிவப்பாக மாறுமிடம் நலம். நிறம் மாறாத தோல் எவ்வளவு ஆழம் என்று அளக்கலாம். தெர்மல் கேமராவும் சுவரை ஊடுருவிப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்பத்தைத்தான் படமெடுக்கிறது. ஏசி காற்றுப் படுகிற இடமும் அதில் ஈரம்போலத் தெரியும்.

நம்பிக்கை: வெயில் காலத்தில் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

மார்ச் மாதத்தில் எல்லா வீடும் நல்ல வீடு. ஜூன் மழை, அக்டோபர் துலாமழை என இந்த ஊருக்கு இரண்டு பரீட்சை. 2023 அக்டோபர் நடுவில் ஓரிரவு மழையில் கௌரீசபட்டமும் டெக்னோபார்க் சுற்றுவட்டமும் மூழ்கியதை அங்கே குடியிருப்பவர்கள் மறக்கவில்லை. காம்பவுண்ட் சுவரில் நீர்மட்டக் கறை இருக்கிறதா பாருங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்பது வீண்.

தனிவீடென்றால் கிணறும் இருக்கும். கிணற்றிலிருந்து செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது கட்டட விதி. நாலு சென்ட் மனையில் நம் டேங்கை எப்படியோ தள்ளிவைத்திருப்பார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் குழி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் மதிலைத் தாண்டி வந்தது என்னவென்று தெரியும்.

நம்பிக்கை: அரசு லைசென்ஸ் உள்ள ஆய்வாளர், உத்தரவாதம் தருவார்.

வீட்டு ஆய்வாளர் என்று தனியாக ஓர் அரசு உரிமம் இந்தியாவில் இல்லை. ஆகவே அவர் சிவில் பொறியாளரா, மாதிரி அறிக்கை காட்டுவாரா என்று நாம்தான் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அதே கம்பெனி வாட்டர்ப்ரூஃபிங்கும் செய்து தருமா என்று கேளுங்கள். ஆமென்றால் கசிவுகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடுவது இயல்பு. அறிக்கை அன்றைய தேதியில் கண்ணுக்கும் கருவிக்கும் பட்டதைச் சொல்லும். உத்தரவாதம் தர வேண்டியவர் கட்டியவர்.

அந்த உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை என்று தெரிவித்தால், கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்; இல்லையென்றால் கேரள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான கே-ரெராவிடம் போகலாம், அலுவலகம் திருவனந்தபுரத்தில்தான். தனிநபரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. ஃபிளாட் வாங்கியவர்கள் நாலாம் வருட துலாமழையில் வீட்டை ஒருமுறை சோதித்து, தேதியிட்ட படங்களோடு பதிவுத் தபாலில் குறைகளை எழுதிவிடலாம். வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பியதைக் காட்டி வழக்காடுவது கஷ்டம்.